ஜனாதிபதிக் கதிரையில் ஒரு நாவலாசிரியர்



ஆட்சியாளரைக் கேள்வி கேட்ட எழுத்தாளர் தாமே ஆட்சிக் கதிரையில் அமர்ந்தால்? சேர்பிய நாவலாசிரியர் டொப்ரிற்சா சோசிச்சின் (1921–2014) வாழ்க்கை இந்த வினாவைத்தான் எழுப்புகிறது.

இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுள் ஒருவர் அவர். அவ்வனுபவமே 1951இல் ‘சூரியன் வெகு தொலைவில்’ என்னும் முதல் நாவலாயிற்று. அதில் குவோஸ்தன் என்றொரு விவசாயப் போராளி வருகிறான். கிராமங்கள் எரிவதைக் கண்டு மனம் நொந்து, தலைமையின் முடிவோடு முரண்படுகிறான். தோழர்களே அவனைச் சுட்டுக் கொல்கிறார்கள். வென்ற கட்சிக்காரர் ஒருவர், வெற்றியின் சூடு ஆறுமுன் இதை எழுதினாரே, அதைச் சாதாரண காரியமாக நான் கருதவில்லை.

பின்வந்த நாவல்கள் பல. முதல் உலகப் போரில் சேர்பியா பட்ட பாட்டைச் சொல்லும் ‘மரண காலம்’ நான்கு பாகங்கள் கொண்டது.

1968இல் கட்சியின் கொசோவோக் கொள்கையைக் கண்டித்ததால் அதிகார வட்டத்திலிருந்து விலக நேர்ந்தது. பின்பு சேர்பியத் தேசியவாதத்தின் பெருங்குரலானார். பொஸ்னியப் போர் மூண்டிருந்த 1992 ஜூனில், சேர்பியாவும் மொன்ரிநீக்ரோவும் சேர்ந்த புதிய யூகோஸ்லாவியாவின் முதல் ஜனாதிபதியுமானார். மெய்யான அதிகாரமோ மிலோசெவிச்சின் கையில். ஓராண்டு நிறையுமுன் பாராளுமன்றம் இவரை நீக்கிற்று.

குவோஸ்தனுக்குக் கொடுத்த செவியை அல்பேனியருக்கும் பொஸ்னிய முஸ்லிம்களுக்கும் அவர் கொடுக்கவில்லை என்பதே என் மனக்குறை.

2011இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததாகப் போலி இணையத்தளம் ஒன்று அறிவிக்க, செய்தி ஊடகங்கள் சில ஏமாந்தன. உண்மையில் பரிசு பெற்றவர் சுவீடன் கவிஞர் தோமஸ் ட்ரான்ஸ்ட்ரோமர். சோசிச்சின் ஆபத்தான செல்வாக்கைச் சுட்டிக்காட்டவே அப்படிச் செய்ததாக அக்குறும்பர்கள் பின்னர் தெரிவித்தனர்.