தாலி ஏறாவிட்டாலும் தகப்பன் தகப்பன்தான்



விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் பல வருஷமாகக் குடும்ப நலம் பேசி வருகிறேன். எத்தனை குழந்தை, எப்போது குழந்தை என்பதுதான் என் வழக்கமான பேச்சு. இன்று பேசப்போவது வீட்டுக்குள்ளே குரலைத் தாழ்த்திப் பேசுகிற விஷயம்.

ஒரு நாள் கூட்டம் முடிந்ததும் ஒரு தம்பதி பின்தங்கி நின்றார்கள். மகனுக்குப் பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை. கூட வேலை செய்த பெண்ணுக்கு ஐந்தாம் மாசம். கல்யாணம் ஆகவில்லை. "தாலியே கட்டலியே அய்யா, அவனை என்ன கேக்க முடியும்?" என்றார் தகப்பனார். தாயார் கேட்டதோ வேறு: "எங்க பேரப்புள்ளதானே, எங்களுக்கு உரிமை இல்லியா?"

முதல் கேள்விக்குப் பதில்: கேட்க முடியும். தாலி கட்டிப் பிறந்த குழந்தையோ கட்டாமல் பிறந்த குழந்தையோ, வசதியுள்ள தகப்பன் அதைக் காப்பாற்றியே தீர வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆம் பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவு அதையே சொல்கிறது. குழந்தை பிறந்த பின் தாய் மனுப் போட்டால், மாதாமாதம் ஜீவனாம்சம் கட்டும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம்.

"என் குழந்தையே இல்லை" என்று கைவிரித்தால்? அவசியமென்றால் கோர்ட் மரபணுப் பரிசோதனைக்கு உத்தரவிடும். உத்தரப் பிரதேச முதலமைச்சராக இருந்த என்.டி. திவாரியே ரத்தம் கொடுக்க வேண்டி வந்தது. அவர்தான் தகப்பன் என்ற முடிவு 2012-ல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் வெளியானது. பெரிய மனிதருக்கே அப்படியென்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்?

இனி உரிமை. வயிற்றில் உள்ள குழந்தை விஷயத்தில் முடிவு பெண்ணுடையது. 1971-ஆம் வருஷச் சட்டப்படி, 18 வயது நிறைந்த பெண்ணின் கருவைக் கலைக்க அவள் சம்மதம் மட்டுமே தேவை. கலைக்காதே என்று தடுக்க ஆணுக்கு உரிமை கிடையாது. அவள் சம்மதம் இல்லாமல் கலைக்க வைத்தால் ஆயுள் தண்டனை வரை போகும். நாட்டு மருந்து, குச்சி வைத்தியம் என்று போனால் உயிரே போகும்.

குழந்தை பிறந்த பின், 1956-ஆம் வருஷ இந்துச் சட்டப்படி முதல் காப்பாளர் தாய். அவளுக்குப் பிறகே தகப்பன். தகப்பனுக்கு நோட்டீஸ் கொடுக்காமலே மணமாகாத தாய் காப்பாளர் ஆகலாம் என்று 2015-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே பேரப்பிள்ளையைப் பிடுங்கி வர முடியாது. அன்பால்தான் நெருங்க முடியும்.

சொத்து விஷயம் கவனியுங்கள். கல்யாணமே நடக்காவிட்டால், உயில் எழுதாத இந்துத் தகப்பனின் சொத்து அந்தக் குழந்தைக்குத் தானாக வராது. பிரசவத்துக்கு முன் சட்டப்படி கல்யாணம் நடந்துவிட்டால், குழந்தை முறையான வாரிசு. ஆனால் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். இருவரும் மனசார ஒப்ப வேண்டும். கட்டுகிற எண்ணமே இல்லாமல் ஆசை வார்த்தை சொல்லி உறவு கொண்டால் பத்து வருஷம் வரை சிறை. பெண் 18-க்குக் கீழ் என்றால், அவளே சம்மதித்தாலும் 2012-ஆம் வருஷப் போக்சோ சட்டப்படி குற்றம்தான். கல்யாணம் செய்து வைத்து அதை மூடி மறைக்க முடியாது.

அந்தத் தம்பதியிடம் இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரே கேள்வி கேட்டேன்: "அந்தப் பெண் டாக்டரைப் பார்த்தாளா?" இருவரும் தலை குனிந்தார்கள். ஐந்து மாசம், ஒரு பரிசோதனைகூட இல்லை! வெட்கப்பட்டு வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறாள். மறுநாள் அந்தத் தாயாரே அவளைக் கிராம சுகாதார செவிலியரிடம் அழைத்து வந்தார். ரத்தம் குறைவு என்று தெரிந்தது; மாத்திரை தொடங்கினோம். கல்யாணத்தை அவர்கள் பிறகு பேசிக்கொள்ளட்டும். வயிற்றுப்பிள்ளை அதுவரை காத்திருக்குமா?

வழக்கு என்றால் பயப்பட வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சட்ட உதவி இலவசம். 15100-க்குப் போன் செய்யுங்கள். உங்கள் மகனை உட்கார வைத்து இதையெல்லாம் சொல்லுங்கள். மகளிடம், எது நடந்தாலும் முதலில் அம்மாவிடம் வா என்று சொல்லுங்கள்.