பானு பாபுவும் நம் வீட்டுப் பேச்சும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பவானிபூரில் வாழும் நமக்குப் பானு பந்தோபாத்யாய் என்னும் பெயர் புதிதன்று. அப்பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அண்டை வீட்டு வங்காளியரின் முகம் மலரக் காண்கிறோம். 2024ஆம் ஆண்டில் சாஸ்வத சட்டர்ஜி அவராக நடித்த திரைப்படமும் வெளிவந்தது. எனினும், நடித்துக் காட்டுவது வேறு. கலைஞரின் சொந்தக் குரலையும், அவரை அறிந்தோர் வாய்மொழியையும் தொகுத்துக் காட்டும் ஆவணப்படம் வேறு. அத்தகைய படத்தில் நாம் காண விழைவன இரண்டு.

முதலாவது, அவர் பிழைக்க வந்த வரலாறு. 1920இல் விக்கிரமபுரத்தில் பிறந்து, டாக்காவில் பயின்று, 1941இல் கல்கத்தா வந்தார். வயிற்றுப்பாட்டுக்கு அவர் மேற்கொண்டதும் நம்மில் பலரைப் போல அலுவலக உத்தியோகமே. இரும்பு, எஃகுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் பணிபுரிந்துகொண்டே கலையையும் வளர்த்தார்.

இரண்டாவது, அவருடைய பேச்சு. கிழக்கு வங்கத்தார் பேச்சைக் கல்கத்தாவாசிகள் எள்ளி நகையாடிய காலம் அது. வேற்றூர் புகுந்தோர் நாவைத் திருத்திக்கொள்வதே வழக்கம். பானு பாபுவோ அதே பேச்சை மேடையேற்றினார். 1943இல் டாக்கா வண்டிக்காரன் பேச்சை நகைச்சுவை இசைத்தட்டாக வெளியிட்டார். 1947இல் நாடு பிரிந்தது; வீடிழந்தோர் இந்நகரில் வந்து குவிந்தனர். 1953இல் வெளிவந்த ‘ஷாரே சுவாத்தர்’ படத்தில், அவர் டாக்காப் பேச்சில் மால்புவா கேட்ட காட்சியை இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கின்றனர். அப்பேச்சைக் கண்டு சிரித்த நகரம், அதைப் பேசியவரோடு சேர்ந்து சிரிக்கலாயிற்று. ஊரை இழந்தோர்க்கு அச்சிரிப்பு எத்துணை ஆறுதல்!

நம் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் இவ்வழி நின்றவரே. நாகர்கோவில் மண்ணின் வில்லுப்பாட்டைப் பட்டணத்து மேடைக்குக் கொணர்ந்தார். 1949இல் ‘நல்லதம்பி’ படத்தில் நிகழ்த்திய ‘கிந்தனார்’ காலட்சேபத்தில், சாதி பாராது அனைவரையும் ஏற்றிச்செல்லும் இரயில் வண்டியைப் போற்றினார். இரயில்வேயில் உழைக்கும் நமக்கு அது தனிப் பெருமை.

இனி நம் இல்லங்களைப் பார்ப்போம். நம் குழந்தைகள் வெளியில் வங்காளமும் இந்தியும் ஆங்கிலமும் பேசுகின்றனர், அது வேண்டியதே. ஆனால் தோழர் முன்னிலையில் பாட்டி திருநெல்வேலிப் பேச்சில் அழைத்தால் நாணித் தலைகுனிகின்றனர். கடிந்துரைத்தால் அந்நாணம் நீங்காது. அப்பேச்சில் உள்ள சுவையை அவர்கள் நுகர்ந்தால் தானே நீங்கும்.

ஆகவே, இச்சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். ஆண்டுதோறும் இம்மேடையில் அரை மணி நேரம், முதியோர் தத்தம் ஊர்ப் பேச்சில் வேடிக்கைக் கதைகள் சொல்லட்டும். இளைஞர்கள் தம் கைப்பேசியில் அவற்றைப் படம் பிடிக்கட்டும். பானு பாபு 1983இல் மறைந்தார். அவர் குரல் தட்டுகளிலும் படங்களிலும் வாழ்கிறது. நம் முதியோர் குரலுக்கு அத்தகைய காப்பு ஏதும் இல்லை. காலம் தாழ்த்தலாகாது.