ஐம்பது நாட்கள் வலித்த உண்மை



கண்ணியத்திற்குரிய பெற்றோர்களே, அன்பின் இளைஞர்களே! தேற்றாத்தீவு, காத்தான்குடி என நமது வாவியோரத்தில் எந்தச் சந்தைக்குச் சென்றாலும் ஒன்றைக் காணலாம். நேற்றைய மீனை இன்றைய மீன் என்று சத்தியமிடுபவரின் கூடை காலியாகும். உள்ளதைச் சொன்னவரின் கூடை மிஞ்சும். இந்த நட்டத்தை மறைத்துவிட்டு நாம் பிள்ளைகளுக்கு வாய்மையைப் போதிக்க இயலாது.

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு (கி.பி. 630) நபி (ஸல்) அவர்கள் தபூக்கிற்குப் புறப்பட்டபோது கடும் வெயில், கனிகள் பழுத்திருந்த காலம். கவிஞரான கஃப் இப்னு மாலிக் (ரழி) அவர்களிடம் இரண்டு வாகனப் பிராணிகள் இருந்தன. ஆயினும், நாளை ஆயத்தமாகலாம் என்று ஒத்திப்போட்டே பின்தங்கிவிட்டார்கள்.

நபியவர்கள் திரும்பியதும், பின்தங்கிய எண்பதுக்கும் மேற்பட்டோர் சாட்டுகள் சொல்லிச் சத்தியம் செய்தார்கள். நபியவர்கள் அவற்றை வெளிப்படையில் ஏற்று, உள்ளங்களை அல்லாஹ்விடம் ஒப்படைத்தார்கள். சொல்வன்மை மிக்க கஃப் (ரழி) அவர்களுக்கு ஒரு சாட்டைப் புனைவது கடினமன்று. ஆனால் தமக்குக் காரணம் ஏதும் இருக்கவில்லை என்றே சொன்னார்கள். தண்டனை அவர்களுக்குத்தான் கிடைத்தது! அவ்வாறே உண்மை சொன்ன முராரா இப்னு ரபீஃ (ரழி), ஹிலால் இப்னு உமையா (ரழி) ஆகியோருக்கும் அதே நிலை.

அன்றே உறவினர் சிலர், "நீரும் ஒரு சாட்டுச் சொல்லியிருக்கலாமே" என்ற தோரணையில் கடிந்துகொண்டார்கள். இன்றும், 'வாப்பா வீட்டில் இல்லை என்று சொல்' எனப் பொய்யை முதலில் கற்றுத் தருவது வீட்டார்தானே!

எவரும் அம்மூவருடன் பேசவில்லை. நெருங்கிய உறவினரான அபூ கதாதா (ரழி) சலாமுக்கும் பதில் கூறவில்லை. தம்மிடம் வந்துவிடுமாறு கஸ்ஸான் மன்னன் அனுப்பிய மடலைக் கஃப் (ரழி) அவர்கள் அடுப்பிலிட்டு எரித்தார்கள். நாற்பதாம் நாளில் மனைவியரை விட்டும் விலகியிருக்கக் கட்டளை வந்தது.

பெற்றோர்களே, இதையும் கவனியுங்கள். கஃப் (ரழி) அவர்கள் தொழுகையில் ஈடுபட்டிருக்கையில் நபியவர்கள் அவரை நோக்குவார்கள்; அவர் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கண்டிப்பு இருந்தது, கைவிடுதல் இருக்கவில்லை. உண்மை சொன்ன மகனை அடித்து, பொய் சொன்ன மகனைத் தட்டிக்கொடுக்கும் வாப்பாமார் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

ஐம்பதாம் நாள் ஸுபஹுக்குப் பின், வீட்டுக் கூரைமேல் அமர்ந்திருந்த அவர்களுக்கு மலையுச்சியிலிருந்து நற்செய்தி கேட்டது. தவ்பா அத்தியாயத்தின் 118ஆம் வசனம் அம்மூவரின் மன்னிப்பைப் பேசுகிறது. நற்செய்தி சொன்னவருக்குத் தம் ஆடைகளையே கழற்றிக் கொடுத்துவிட்டு, இரவல் ஆடை உடுத்திப் பள்ளிவாசலுக்கு விரைந்தார்கள்.

பிற்காலத்தில் பார்வையிழந்த தம்மைக் கைபிடித்து நடத்திய மகன் அப்துல்லாஹ்வுக்கு இவை அனைத்தையும் அவர்களே எடுத்துரைத்தார்கள். தமது தவறைச் சிறிதும் குறைத்துச் சொல்லாமல்.