சட்டியில் இருந்தால் போதுமா?

ஆய்வுக்கூடத்துக் கண்டுபிடிப்பு மக்கள் கையில் பொருளாக வந்து சேரப் பெரிதும் காரணம் அறிவா, துணிவா? துணிவே என்று பேச வந்திருக்கிறேன்.

"சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்" என்று முழங்கிவிட்டுப் போயிருக்கிறார் எதிரணித் தம்பி. சரி தம்பி, சட்டி நிறையவே இருக்கு. பரிமாற ஆள் வேணாமா? பசிச்சவன் சட்டியைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கணுமா? (சிரிப்பு)

1928-இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் பென்சிலினைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டே கட்டுரையும் எழுதினார். அப்புறம் பத்து வருஷம் அது பெரும்பாலும் கட்டுரையாவே கிடந்துச்சு. ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரியும் செயினும் அதைக் கையிலெடுத்தார்கள். 1941-இல், கிருமி ஏறிச் சாகக் கிடந்த ஒரு போலீஸ்காரருக்கு ஊசி போட்டார்கள். மனுஷன் தேறினார். ஆனா மருந்து தீர்ந்து போச்சு! அவருடைய சிறுநீரிலிருந்தே பிரித்தெடுத்து மறுபடி ஏற்றிப் பார்த்தார்கள். போதவில்லை, இறந்துபோனார். நடுவர் அவர்களே, அவரைக் காப்பாற்ற அறிவு இருந்தது, ஆலை இல்லை! (கைதட்டல்) போர் நடக்கும்போதே ஃப்ளோரி கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போய், மருந்துக் கம்பெனிகளின் கதவைத் தட்டினார். பெரிய தொட்டிகளில் பென்சிலின் தயாரானது. 1944-இல் போர்முனைச் சிப்பாய்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

நம்ம நாட்டுக்கு வாங்க. துர்காபூரில் மத்திய இயந்திரப் பொறியியல் ஆய்வுக்கூடம். 1960-களில் அங்கே நம்ம ஆட்களே ஒரு டிராக்டரை வடிவமைத்தார்கள். வடிவம் தயார், ஆலைதான் இல்லை. 1970-இல் பஞ்சாப் அரசு முன்வந்து கம்பெனி தொடங்கியது. வடிவமைத்த சந்திர மோகனும் கூட்டாளிகளும் ஆய்வுக்கூட வேலையை விட்டுவிட்டு அங்கே போனார்கள். 1974-இல் 'ஸ்வராஜ்' டிராக்டர் வெளிவந்தது.

"பார்த்தீங்களா, அவரும் விஞ்ஞானிதானே!" என்பார் அடுத்துப் பேச வரும் அம்மா. ஆமாம்மா, அதே மூளைதான் துர்காபூரிலும் இருந்துச்சு. அப்போ வயலுக்கு வராத டிராக்டர், அவர் வாசல் தாண்டினதும் வந்துச்சே, எப்படி? அதுக்குப் பேர்தான் துணிவு! (பலத்த கைதட்டல்)

இன்றைக்கு ஆய்வு முடித்த பிள்ளை, "நானே கம்பெனி தொடங்கப்போறேன்" என்றால், "மாசச் சம்பளம் வேணாமா? யாரு பொண்ணு குடுப்பா?" என்று கேட்கிறது நம்ம வீடு. (சிரிப்பு) சிரிக்காதீங்க. மக்கள் வரிப்பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பு அலமாரியில் தூங்கினால், நஷ்டம் மக்களுக்குத்தான். அந்தப் பிள்ளைக்கு அறிவு ஏற்கெனவே இருக்கு. நாம தட்டிக்கொடுக்க வேண்டியது துணிவை. ஆகவே, துணிவே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.