பிள்ளையில்லாக் குறை பெண்ணுக்கு மட்டும் உரியதா?

(தோட்டத் தொழிலாளர் குடும்பக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றியும் வீட்டு வசதியைப் பற்றியும் நாம் மேடைதோறும் பேசி வருகிறோம். இன்று எடுத்துக்கொண்ட பொருள், மேடையில் பேசக் கூசும் பொருள். கூச்சப்பட்டுப் பேசாமலிருப்பதனால்தான் நம் சகோதரிகள் பலர் ஆண்டுக்கணக்கில் கண்ணீர் வடிக்கிறார்கள்.

திருமணமாகி மூன்றாண்டு சென்றும் மடி நிறையாத பெண்ணை நம் லயங்களில் எப்படி நடத்துகிறோம்? குழாயடியில் ஒரு குத்தல் பேச்சு. வளைகாப்பு வீட்டில் ஓரமாக ஒதுக்கி வைப்பு. மாமியார் வாயில் 'மலடி' என்ற சொல். மலடன் என்ற சொல்லும் அகராதியில் இருக்கிறது; ஆனால் அது யார் வாயிலும் வருவதில்லை! இது நியாயமா, தோழர்களே?

உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு காலத்திலாவது இந்தக் குறையை அனுபவிக்கிறார். பிள்ளையில்லாத் தம்பதிகளை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழப் பாதிப் பேரிடத்தில் ஆணின் உடற்குறையும் ஒரு காரணமாக இருக்கிறது. ஆகவே பரிசோதனை என்பது இருவருக்கும் உரியது. இன்று நாம் சொல்ல வந்தது இதுவே.

மங்கில் பால் விழவில்லையென்றால் மரத்தை மட்டும் பழிக்கும் வெட்டுக்காரர் உண்டா? கத்தியைப் பார்க்கிறோம், பட்டையைப் பார்க்கிறோம், பால் ஓடிவரும் வழியையும் பார்க்கிறோம். டாக்டரும் அவ்வாறே மூன்று கேள்விகள் கேட்கிறார். ஆணிடம் உயிரணு போதிய அளவு இருக்கிறதா? பெண்ணிடம் மாதந்தோறும் முட்டை வெளிவருகிறதா? இரண்டும் கூடும் வழி திறந்திருக்கிறதா?

எப்போது டாக்டரிடம் போவது? தடுப்பு முறை எதுவும் இல்லாமல் ஓராண்டு கூடி வாழ்ந்தும் கருத்தரிக்காவிட்டால் போக வேண்டும். மனைவிக்கு 35 வயது ஆகியிருந்தால் ஆறு மாதமே போதும். வயது ஏற ஏற முட்டைகள் குறைகின்றன, காலம் காத்திருக்காது. மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்களும், வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களும் அதற்கு முன்பே போவது நல்லது.

முதற் கேள்வி ஆணுக்கு உரியது. இதுவே எல்லாவற்றிலும் எளிய பரிசோதனை. ஊசி இல்லை, வலி இல்லை. இரண்டு முதல் ஏழு நாள் வரை உறவைத் தவிர்த்து, ஒரு சிறு புட்டியில் விந்தைக் கொடுத்தால் போதும். ஒரு மில்லி லிட்டரில் 1 கோடியே 60 லட்சம் உயிரணுவும், நூற்றுக்கு 42 அசைவுள்ளவையும் இருப்பதைக் கீழ் அளவாக வைத்திருக்கிறார்கள். அதற்குக் குறைந்தால் பிள்ளையே பிறக்காது என்று பொருளல்ல. உயிரணு உருவாக இரண்டரை மாதம் ஆகும். அண்மையில் கடுங்காய்ச்சல் கண்டிருந்தாலும் அளவு குறையலாம். ஆகையால் மூன்று மாதம் கழித்து மறுமுறையும் பார்ப்பார்கள். புகையையும் மதுவையும் விடுவது இதற்கும் நல்லது.

இதிலே தொழிற்சங்கத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். 1977இல் அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், வேர்ப்புழுவைக் கொல்லும் டிபிசிபி என்ற மருந்தைத் தயாரித்த தொழிற்சாலையில் நடந்ததைக் கேளுங்கள். தங்களில் பலருக்குக் குழந்தை இல்லையே என்று அங்கிருந்த தொழிலாளர்கள் தமக்குள் பேசிக்கொண்டார்கள். சங்கத்தின் துணையோடு விந்துப் பரிசோதனை செய்துகொண்டார்கள். பலரிடம் உயிரணு மிகக் குறைவு. சிலரிடம் அறவே இல்லை! குற்றம் மனைவியரிடம் இல்லை, மருந்தில் இருந்தது. அதே மருந்து மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களிலும் தொழிலாளரைக் கெடுத்தது. ஆண்கள் பரிசோதனைக்கு முன்வந்திராவிட்டால் உண்மை வெளிவந்திருக்குமா? நம்மில் மருந்தடிக்கும் வேலை செய்பவர்கள், அடிக்கும் மருந்தின் பெயரை டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஸ்டோரில் உள்ள டின்னைப் பார்த்து அந்தப் பெயரை எழுதிக் கொடுக்கும் உதவியைக் கிராணிமார்கள் செய்யலாமே!

இரண்டாவது கேள்வி முட்டையைப் பற்றியது. இதற்கு நாட்கணக்கு முக்கியம். செக்ரோலில் பெயர் பதிவதுபோல், மாதவிலக்குத் தொடங்கும் நாளைச் சகோதரிகள் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும். முட்டை வெளிவந்ததா என்று காட்டும் இரத்தப் பரிசோதனையை அடுத்த விலக்குக்கு ஏழு நாள் முன்னதாக எடுக்க வேண்டும். 28 நாளுக்கு ஒருமுறை விலக்காகிறவருக்கு அது 21ஆம் நாள். 35 நாளுக்கு ஒருமுறை ஆகிறவருக்கு 28ஆம் நாள். எல்லாரும் 21ஆம் நாளில் போனால் சிலருக்குத் தவறான முடிவு வரும். ஒருநாள் கூலியை இழந்து போகிறோம். அந்த நாள் சரியான நாளாக இருக்கட்டும்!

விலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்குத் தைராய்டு முதலிய சுரப்பிகளையும் இரத்தத்தில் பார்ப்பார்கள். ஸ்கேன் வைத்துக் கருப்பையில் கட்டியோ, சூலகத்தில் நீர்க்கட்டியோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவற்றில் பலவற்றுக்கு மருந்து உண்டு. ஏஎம்எச் என்றொரு பரிசோதனையும் இருக்கிறது. மீதமுள்ள முட்டையின் அளவை அது ஒருவாறு மதிப்பிடும். சிகிச்சை மருந்துக்குச் சூலகம் எப்படி இணங்கும் என்று அறிய டாக்டருக்கு உதவும். இயற்கையாகக் கருத்தரிக்குமா என்பதை அது சொல்லாது. அதில் எண் குறைந்துவிட்டதென்று நெஞ்சொடிந்து போக வேண்டாம்.

மூன்றாவது கேள்வி வழியைப் பற்றியது. கருக்குழாய் அடைபட்டிருந்தால் முட்டையும் உயிரணுவும் சந்திக்க முடியாது. பழைய தொற்று நோயோ காசநோயோ குழாயை அடைத்திருக்கலாம். கருப்பைக்குள் மெதுவாக ஒரு திரவத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். விலக்கு நின்ற பின், முட்டை வெளிவருமுன் இதைச் செய்வது வழக்கம். விலக்கு வலிபோல் சற்று நேரம் வலிக்கலாம். காய்ச்சலோ கெட்ட வெள்ளைப்படுதலோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் பிள்ளை இல்லாத தம்பதிகளும் உண்டு. காரணம் தெரியவில்லை என்றால் நம்பிக்கை போயிற்று என்று அர்த்தமில்லை. அவர்களுக்கும் சிகிச்சை முறைகள் உண்டு.

செலவுக்கு அஞ்சித் தயங்க வேண்டாம். முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். அங்கே கொடுக்கும் கடிதத்தோடு பெரிய ஆஸ்பத்திரியின் நிபுணரைப் பார்க்கலாம். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால், ஊழியர் சேமநிதியிலிருந்து அதற்குப் பணம் எடுக்க 2020 முதல் வழி இருக்கிறது. தாலிக்கொடியை அடகு வைத்து, பெயர் தெரியாத லேகியம் விற்பவரிடம் கொட்டிக் கொடுக்காதீர்கள். கோயிலுக்குப் போவதை நாம் தடுக்கவில்லை. போகிற வழியில் கிளினிக்கிலும் ஏறி இறங்குங்கள் என்கிறோம்.

மாமியார்மார்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மருமகளைப் பழிக்குமுன் மகனைக் கிளினிக்குக்கு அனுப்புங்கள். பரிசோதனை முடிவு எதுவானாலும், பிள்ளை பெறாத பெண்ணும் முழு மனுஷிதான். நிரையில் நம்மோடு நின்று பாடுபடுகிறவள்தான்.

தோழர்களே! பிரட்டுக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து போகிறோம். மரம் வெட்டச் சேர்ந்து போகிறோம். இந்தக் காரியத்துக்கு மட்டும் மனைவியைத் தனியே அனுப்புவது ஆண்மை ஆகாது. ஒரே நாளில், ஒரே வண்டியில், இருவரும் சேர்ந்தே போங்கள்!