அடுப்புப் புகையும் அகப்பாட்டும்



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் அடுப்பு. இலக்கியத்துக்கும் அடுப்புக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். எங்கள் வீட்டுக் குசினியில் ஓர் அடுப்பை வைத்துக் கட்ட நேர்ந்தபோதுதான் அந்த எண்ணம் மாறியது.

சங்கப் புலவர்கள் அடுப்பை மறந்தவர்களல்லர். புறநானூற்றின் 164 ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் தம் வறுமையைக் குமணனுக்கு எடுத்துரைக்கிறார். சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் காளான் பூத்திருப்பதைக் காட்டுகிறார். அங்கே எரியாத அடுப்பு வறுமையின் சின்னம். கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167 ஆம் பாடலிலோ எரிகின்ற அடுப்பு இல்லறத்தின் சின்னம். தயிர் பிசைந்த விரல்களை உடுத்த சேலையிலே துடைத்துக்கொண்டு, தாளிதப் புகை மைதீட்டிய கண்களில் நிறைய, புதுமணப்பெண் தானே துழாவிக் குழம்பு ஆக்குகிறாள். கணவன் சுவைத்து மகிழ்ந்து உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது.

இப்பாடலை உயர்தர வகுப்பில் எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். கண்ணில் நிறைந்த அந்தப் புகையை அன்பின் அடையாளம் என்றே விளக்கியிருக்கிறேன்.

2022 ஆம் ஆண்டில் காஸ் சிலிண்டருக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, மக்கள் வரிசைகளில் காத்துக் கிடந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டிலும் மூலையில் கிடந்த மூன்று கற்கள் மீண்டும் அடுப்பாயின. பனைமட்டையும் தென்னம்பாளையும் பொச்சுமட்டையும் குசினிக்குள் வந்தன. ஒரு மாலை நான் குறுந்தொகைக்குக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தபோது, கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்த மனைவி கேட்டாள்: "உங்கட பாட்டில அந்தப் பிள்ளையின்ர கண்ணில புகை பட்டது வடிவாத்தான் இருக்குது. அவவுக்கு இருமல் வந்ததோ எண்டு ஒருத்தரும் எழுதேல்லையோ?"

அது தாளிதப் புகை, விறகுப் புகையன்று என்று நான் விளக்கம் சொன்னேன். "தாளிக்கிறதுக்கும் அடுப்பு எரியத்தானே வேணும்" என்றாள். என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

அடுத்த மாதம் அம்மாவின் இருமல் முற்றியது. வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். "அம்மா சுருட்டுப் பிடிக்கிறவவோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "விறகடுப்பிலயோ சமைச்சவ?" என்பது அவரது அடுத்த கேள்வி. நாற்பது ஆண்டுகள் என்று அம்மாவே சொன்னார். பழுதடைந்த சுவாசப்பை பழைய நிலைக்குத் திரும்பாது, இனியாவது புகையிலிருந்து விலக்கி வையுங்கள் என்றார் வைத்தியர். அம்மா ஆக்கிய சோற்றை உண்டு வளர்ந்தவன் நான். கறியின் ருசியைப் பற்றிப் பேசியிருக்கிறேன். புகையைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, வீட்டு அடுப்புகளால் மாசடையும் காற்று 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் உயிர்களைக் கொண்டுபோயிற்று.

அதன் பின்னரே சந்தையில் ஓர் அனகி அடுப்பை வாங்கினேன். 'அனகி' என்னும் சிங்களச் சொல்லுக்கு மிகச் சிறந்தது என்று பொருள். 1980களில் நமது நாட்டிலே உருவாக்கப்பட்டு, குயவர்கள் வனைந்து தரும் இரட்டைக் களிமண் அடுப்பு இது. முதற் பானையின் கீழ் எரியும் தீயின் சூடு உள்வழியாகச் சென்று இரண்டாம் பானையையும் சேர்கிறது. மூன்று கல் அடுப்பில் காற்றோடு போகும் சூடு இங்கே பயன்படுவதால் விறகும் மிஞ்சும், புகையும் குறையும்.

வாங்குவது இலகு, பொருத்துவதுதான் கடினம். களிமண்ணை மணலும் உமியும் சேர்த்துக் குழைத்து, அடுப்பைச் சுற்றிப் பூசினேன். அவசரப்பட்டு மறுநாளே தீ மூட்டியதால் பூச்சு வெடித்தது. மீண்டும் பூசிப் பல நாட்கள் நிழலில் காயவிட்டோம். வாசற் காற்று அடுப்பின் வாய்க்குள் நேரே புகுந்து புகையை வீட்டுக்குள் திருப்பியது. அடுப்பைத் திசைமாற்றி வைத்தோம். இவ்வடுப்புக்குப் புகைக்கூடு இல்லை. ஆகவே புகை குறையுமேயன்றி அற்றுப்போகாது. மேசன் ஒருவரைக் கொண்டு மேற்சுவரில் திறப்பு வைத்து, நின்று சமைக்க மேடையும் கட்டுவித்தேன். விறகைச் சிறிதாகக் கொத்தி, ஈரம் போகக் காயவைப்பது என் வேலையாயிற்று.

குளிர்நாடுகளில் மரத்தூளைச் சிறு குளிகைகளாக அழுத்தி எரிக்கும் கணப்படுப்புகள் உண்டு. புகைக்குழாய் எவ்வழியாக வெளியேறும் என்பதைத் தீர்மானியாமல் அவற்றை வீட்டில் பொருத்த முடியாது. எங்கள் வீட்டிலோ அக்கினி மூலையைப் பார்த்து அடுப்பு வைத்தோம். புகையின் வழியைப் பார்க்கவில்லை.

இன்றும் அந்தக் குறுந்தொகைப் பாடலைக் கற்பிக்கிறேன். கூடலூர் கிழாரிடம் குறையில்லை. பெண்ணின் கண்ணில் நிறைந்த புகையை அவர் கண்டார், பாடினார். அதை அழகென்று மட்டுமே கற்பித்த குறை என்னுடையது. இப்போது மாணவரிடம் ஒரு கேள்வி கேட்கிறேன்: அந்தக் கணவன் உண்டு எழுந்த பின் என்ன செய்திருக்கலாம்? சென்ற தவணை பின்வரிசை மாணவன் ஒருவன் சொன்னான்: "விறகைக் கொத்திக் காயப்போட்டிருக்கலாம், சேர்." வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

அம்மா இப்போது குசினி வாசலில் கதிரை போட்டு இருந்து, மருமகளுக்குச் சமையற் பக்குவம் சொல்கிறார். இருமல் முழுதாகப் போகவில்லை. ஒரு நாள் புது அடுப்பைப் பார்த்தபடி, "தம்பி, இதை முந்தியே கட்டியிருக்கலாம்" என்றார். அதில் குறைகூறல் இருக்கவில்லை. ஆயினும் அச்சொல் என்னை விட்டு அகலவில்லை.

நேயர்களே, இன்றிரவு உங்கள் வீட்டுக் குசினிக்குள் ஒருமுறை சென்று, புகை எந்த வழியால் போகிறது என்று பாருங்கள்.