கோடை விளைவும் குடும்பத்தின் தன்மானமும்

(வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற மகளிர், இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் வெள்ளிவிழாவில் பேச வந்த நாம் பள்ளியைப் பற்றியும் பட்டத்தைப் பற்றியும் பேசுவோம் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ கத்தரி வற்றலும் வெங்காயப் பட்டறையும். கல்விக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் நகைக்கவும் கூடும். ஆனால் நம் பிள்ளைகள் பலருடைய படிப்பு நின்றுபோனது பள்ளிக்கூடத்தில் அன்று, வீட்டு அடுப்படியில்தான். அடுப்பு அணைந்த வீட்டில் விளக்கு எரிவதில்லை. விளக்கு எரியாத வீட்டில் புத்தகம் திறக்கப்படுவதில்லை. ஆதலின் அடுப்படியைப் பற்றிப் பேசுவதும் கல்வியைப் பற்றிப் பேசுவதேயாகும்.

நம் வட்டாரத்தின் இயல்பை முதலில் நினைத்துப் பாருங்கள். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இடையில் வானம் பார்த்த கரிசலும் செம்மண்ணும். 1995-இல் பெரம்பலூரும், 2007-இல் நிலையாக அரியலூரும் தனி மாவட்டங்களாயின. மாவட்டத்தின் பெயர் மாறியதே தவிர, ஐப்பசி, கார்த்திகை மழையை எதிர்நோக்கி நிற்கும் மண்ணின் இயல்பு மாறவில்லை. அம்மழை பயிருக்கு உயிர். அன்றாடக் கூலிக்குச் செல்வோர்க்கோ அதுவே பஞ்சம். அடைமழை பிடித்தால் வேலை இல்லை. வேலை இல்லையேல் கூலி இல்லை.

நாம் சிறுவராயிருந்த காலத்தில், நான்கு நாள் மழை விடாது பெய்தால் நம் தெருத் தாய்மார்கள் தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, நிலம் உடையவர் வீட்டுப் புறக்கடையில் படியேந்தி நின்றதைக் கண்டிருக்கிறோம். இன்று வாங்கும் ஒரு படி கம்பு அறுவடையில் இரண்டு படியாகத் திரும்ப வேண்டும். திருப்ப முடியாத வீட்டிலிருந்து ஒரு பையன் மாடு மேய்க்கப் போனான். அவனுடைய சிலேட்டு பரணில் ஏறிற்று, மறுபடியும் இறங்கவேயில்லை. அப்பையன் நம்மோடு ஒரே வரிசையில் அமர்ந்து படித்தவன்.

1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. கொத்தடிமைக் கடன்கள் செல்லாதவையாயின. 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. இவற்றின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் வெறும் சோற்றைப் பிள்ளைகள் எத்தனை நாள் உண்பார்கள்? குழம்புக்குக் காய் வேண்டும். தாளிக்க வெங்காயம் வேண்டும். மழைக்காலத்திலோ காய் விலையும் வெங்காய விலையும் ஏறி நிற்கும். கடைக்கணக்கு வளரும், வாரத் தவணைக் கடன் அதனுடன் சேரும். பழைய படிக்கம்புக் கடன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு நம் வாயிலில் வந்து நிற்கிறது. அவ்வளவே வேறுபாடு.

இதனால்தான் சித்திரை, வைகாசியில் நம் கொல்லையில் விளைவதைப் பற்றிப் பேச விரும்புகிறோம். நத்தம் பட்டாவில் வீடு போக எஞ்சிய நான்கு குழி நிலத்தில், பாத்திரம் கழுவிய நீரைக் கொண்டு, நம் பெண்கள் கத்தரி, கொத்தவரை, மிளகாய், மணத்தக்காளி வளர்க்கிறார்கள். கோடையின் கடைசியில் இவை ஒருசேரக் காய்த்துத் தள்ளுகின்றன. தின்றது போக மீந்ததைச் சந்தைக்குக் கொண்டு சென்றால் கேட்பாரில்லை. வீட்டில் வைத்தால் மூன்றாம் நாள் அழுகுகிறது. வைகாசியில் குப்பையில் கொட்டிய அதே காயை ஐப்பசியில் கடன் சொல்லி வாங்குகிறோம். இந்த இழப்பைத் தடுக்க முடியாதா?

முடியும். நம் அப்பாயிகளும் அம்மாயிகளும் செய்துகாட்டியதுதான். காய் அழுகுவது அதிலுள்ள நீரினால். கத்தரிக்காயில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் நீரே. அந்நீரில்தான் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் பூஞ்சணமும் பெருகுகின்றன. வெயில் அந்நீரை வெளியேற்றுகிறது. உப்பு எஞ்சிய நீரை நுண்ணுயிர்களுக்குப் பயன்படாமற் செய்கிறது. மோரின் புளிப்பு அவற்றை வளரவிடாமல் தடுக்கிறது. பிரான்சு நாட்டில் நிக்கோலா அப்பேர் என்பவர், உணவைப் புட்டியில் அடைத்துக் கொதிநீரில் வைத்துக் காக்கும் முறையை 1810-இல் நூலாக வெளியிட்டார். அது ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. சுமார் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் லூயி பாஸ்டர் நுண்ணுயிர்களை ஆராய்ந்தபோதுதான் காரணம் விளங்கிற்று. காரணம் அறியாமலே காரியத்தைச் சரியாகச் செய்த அவருக்கு அவருடைய நாட்டு அரசு பரிசளித்தது. அவ்வாறே செய்த நம் பாட்டிமாருக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. காரணத்தையும் சேர்த்துக் கற்கும் வாய்ப்பு பேரப்பிள்ளைகளாகிய உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லுவோம். கத்தரியையும் கொத்தவரையையும் நறுக்கி, உப்பிட்ட கொதிநீரில் மூன்று நான்கு நிமிடம் போட்டெடுத்து, நீரை வடித்து, பாயில் பரப்புக. அரைவேக்காடு காயின் நிறமும் சுவையும் கெடாமல் காக்கும், காய்வதும் விரைவாகும். மணத்தக்காளியையும் சுண்டைக்காயையும் நசுக்கி, உப்பிட்ட மோரில் ஊறவைத்துக் காயவைக்க வேண்டும். மிளகாயைக் கீறி, பகலில் வெயிலிலும் இரவில் மோரிலுமாக, மோர் முழுவதும் வற்றும்வரை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். மாங்காயை ஊறுகாய்க்குப் போடுவதாயின் ஒரு கிலோவுக்கு 150 முதல் 200 கிராம் வரை உப்பு வேண்டும்; உப்பில் சிக்கனம் பார்த்தால் ஊறுகாய் முழுவதும் வீணாகும்.

அக்கினி நட்சத்திர வெயிலில் மூன்று நான்கு நாளில் வற்றல் காய்ந்துவிடும். பொழுது சாய்வதற்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். ஒடித்தால் சடக்கென ஒடிய வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். சூடு ஆறிய பிறகே பானையிலோ தகர டப்பாவிலோ இட்டு மூடுக. சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். புரட்டாசியில், மழைக்குமுன், மீண்டும் ஒருநாள் வெயில் காட்டுக. 10 கிலோ கத்தரிக்காய் காய்ந்தபின் ஒரு கிலோவுக்கும் குறைவாகவே தேறும். ஆனால் நாலு பேர் உள்ள வீட்டுக்கு மழை நாளில் ஒரு கைப்பிடி வற்றல் ஒரு வேளைக் குழம்பு.

அடுத்து, நம் பெரம்பலூர்ச் சீமைக்குப் பெயர் வாங்கித் தந்த சின்ன வெங்காயம். செட்டிகுளம், ஆலத்தூர்ப் பகுதிகளில் பட்டறை போட்டு வெங்காயத்தைக் காக்கும் முறையைப் பார்க்காதவர் இங்கே இருக்கமாட்டார். அப்பட்டறைகளை ஊரார்க்காகக் கட்டிய கைகள் பல நம்முடையவை. கல்லடுக்கி, தரைக்கு மேலே ஓரடி உயரத்தில் கழி பரப்பி, அகலம் குறைவாகக் குவித்து, மேலே கீற்று வேய்ந்தால் கீழும் பக்கமும் காற்று ஓடும். வெங்காயம் மூன்று நான்கு மாதம் நிற்கும். பிறருக்காகச் செய்த அவ்வேலையை நமக்காகச் சிறிய அளவில் செய்துகொள்வோம். பிடுங்குவதற்குப் பத்து நாள் முன்னரே நீரை நிறுத்துக. தாள் வாடிக் கழுத்து மூடும்வரை நிழலில் உலர்த்துக. பத்து இருபது கிலோவாயின் தாளோடு கொத்தாகக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிட்டாலே போதும். அழுகிய ஒன்றை உடனே பொறுக்கி எறியாவிடில் அது கொத்து முழுவதையும் கெடுக்கும். பொடி வெங்காயத்தை வடகமாக்கலாம். திரண்ட நல்ல காயை விதைக்கு ஒதுக்கலாம்.

விதை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஆடிப் பட்டம் தேடி விதை என்பது பழமொழி. ஆடியில் தேடுவதற்கு வைகாசியில் வைத்திருக்க வேண்டுமல்லவா? முதற்காயையும் முற்றிய நல்ல காயையும் செடியிலேயே விட்டு, விதையெடுத்து, சாம்பலில் பிசறி வைப்பது நம் முன்னோர் வழக்கம். கறிக்குப் பறித்துத் தீர்த்த வீடு விதைக்கு அயலார் வாயிலில் நிற்கும்.

பழையதை எல்லாம் போற்ற வேண்டும் என்பது நம் கருத்தன்று. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையையும் சோளத்தையும் கழுவி உண்ணும் வழக்கம் நம்மிடையே இருந்தது. வறுமை கற்பித்த வழக்கம் அது. அப்பூஞ்சணத்தில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகக்கூடும்; அது ஈரலைக் கெடுக்கும்; புற்றுநோய்க்கும் காரணமாகும். கழுவினாலும் வேகவைத்தாலும் அது போகாது. ஆடுமாடுகளுக்கும் அதை இடலாகாது. நட்டம் என்று பாராமல் புதைத்துவிடுக. உப்பைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. ஆதலின் வற்றலை நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிய பின் சமைக்க வேண்டும்; இரத்த அழுத்தம் உள்ள முதியோர்க்கு ஊறுகாயைக் குறைக்க வேண்டும். வெயிலில் காயும்போது சில சத்துகள் குறைவதால், முருங்கைக்கீரை போன்ற பசுங்கீரை கிடைக்கும் நாளில் அதையும் விடலாகாது.

இனி, இளைஞர்களே, உங்களுக்கு. இவ்வேலை முழுவதும் பெண்கள் தலையிலேயே விழுகிறது. களையெடுத்துத் திரும்பிய கையோடு அவர்களே நறுக்கி, அவர்களே பரப்பி, அவர்களே காக்கை ஓட்டுகிறார்கள். கோடை விடுமுறையில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? முன்பு கூரை வீட்டில் காயவைக்க இடமின்றிப் பாறை தேடிப் போனோம். இன்று தொகுப்பு வீட்டின் தளம் இருக்கிறது. பாயைத் தூக்கி ஏறுவதற்குப் பட்டம் வேண்டியதில்லை. ஆண் என்ற எண்ணத்தைச் சற்றே இறக்கி வைத்தால் போதும்.

நாம் சொல்வதை ஒருவரும் தவறாகக் கொள்ள வேண்டா. வற்றல் போட்டுக்கொண்டு கிடைத்ததில் வாழுங்கள் என்று நமக்கு உபதேசம் செய்வோர் உண்டு. சிக்கனம் வேறு, பட்டினிக்குப் பழகுவது வேறு. உரிய கூலிக்கும், 1892-ஆம் ஆண்டு அரசாணையின் வழியே நம் மக்களுக்கென ஒதுக்கப்பட்டு, பின்னர் பிறர் கைக்குப் போன பஞ்சமி நிலங்களுக்கும் ஈடாக எந்தப் பானை வற்றலையும் நாம் ஏற்கமாட்டோம். ஆனால் உரிமை கேட்பவன் நாலு நாள் வேலைக்குப் போகாமல் நிற்க வேண்டிவரும். அந்த நாலு நாளும் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் குளத்து நீருக்கான உரிமையை மட்டும் பேசவில்லை. பிறர் எறியும் மிச்சத்தை உண்பதை விட்டொழிக்குமாறும் நம் மக்களைக் கேட்டுக்கொண்டார். மிச்சத்தை மறுக்கும் துணிவு வேண்டுமாயின் வீட்டில் நமக்கென ஓர் இருப்பு வேண்டும். அந்த இருப்பின் சிறு பகுதியே இப்பானைகள்.

முடிவாக ஒரு வேண்டுகோள். வருகின்ற சித்திரையில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பானை வற்றல், ஒரு கொத்து வெங்காயம், ஒரு முடிப்பு விதை எடுத்து வையுங்கள். எவ்வளவு வைத்தோம், எந்த மாதம் எடுத்தோம், கடைக்கணக்கில் எவ்வளவு குறைந்தது என்பதைப் படிக்கும் பிள்ளை ஒரு நோட்டில் எழுதட்டும். அடுத்த பொங்கலில் அந்நோட்டுகளை இங்கே கொண்டு வாருங்கள். ஒருங்கே அமர்ந்து படித்துப் பார்ப்போம். அடைமழை பெய்யும் ஐப்பசி நாளில் நம் தெருவிலிருந்து ஒரு தாயும் படியேந்திப் புறப்படலாகாது. ஒரு பிள்ளையின் புத்தகமும் பரணில் ஏறலாகாது. அவ்வாறு ஒரு மழைக்காலம் கடந்தால், இவ்வெள்ளிவிழா வெறும் விழாவாக இராமல் பயன் தந்த விழாவாகும்.